இழுத்தால் நிற்கும்

எங்கள் பார்க்கில் எந்த ராட்டினமாக இருந்தாலும் அதை ஓட்டுகிற கம்பியைத் தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். மற்ற ஊர்ப் பார்க்குகளில் எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அந்தச் சிலந்தி ராட்டினம் வந்து இறங்கும்வரை ஏற்படவில்லை.

நான் இங்கே டிக்கெட் கொடுப்பவள். நுழைவாயிலுக்குப் பக்கத்தில், ஒரு கை மட்டும் நுழைகிற ஓட்டை வைத்த மரக்கூண்டுதான் என் ராஜ்ஜியம். வெயில் காலத்தில் உள்ளே வெந்து போவேன். மழைக்காலத்தில் கூரை என் தலையைத் தேடிப் பிடித்துச் சொட்டும். சேரும்போது கல்யாணம் ஆகாதவள். பிறகு ஆகி, அது சரிப்படாமல் போய், மறுபடியும் இதே கூண்டுக்கு வந்து உட்கார்ந்தேன். முதலாளியம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "டீ ஆறுது, குடி" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

முதலாளியை ஊரில் ராட்டினக்காரர் என்பார்கள். நான்கு மரக்குதிரைகளை வட்டமாகக் கட்டி, கையால் தள்ளிச் சுற்றிய காலத்தில் வந்த பெயர். சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அவற்றை நிறுத்தினாராம். ஒரு குதிரைக்குக் காது கிடையாது. அந்தக் குதிரையில் ஏறத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள் என்று அக்கா சொல்வார். பிறகு மூடிப்போன மாவு மில்லிலிருந்து ஒரு மோட்டார் வந்தது. அதன்பின் குட்டி ரயில், கோப்பை ராட்டினம், ஆடுகிற படகு, கடைசியில் பெரிய ராட்டினம். பெரிய ராட்டினத்தின் ஒவ்வொரு இரும்பையும் அவரே அறுத்து, வளைத்து, பற்றவைத்தார். அது எழுந்து நின்றபோது ஊரில் பாதிப் பேர் விழும் என்றார்கள், மீதிப் பேர் எப்போது விழும் என்று கேட்டார்கள். இன்றுவரை விழவில்லை.

மாவு மில் மோட்டாரோடு வந்த கம்பி, இழுத்தால் ஓடுகிற கம்பி. அக்காதான் அதில் நிற்பார். ஒருநாள் குதிரையில் இருந்த குழந்தை ஒன்று பயந்து அலற, அக்கா பதறிப்போய்க் கம்பியை நெஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். குதிரைகள் பறந்தன. குழந்தைக்கு உதடு கிழிந்தது. ராட்டினக்காரர் அக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை, மோட்டாரைத்தான் திட்டினார். "பயந்தவ எதையாவது கட்டிப் பிடிப்பாளா, தள்ளி விடுவாளா? பயந்த கை இழுக்கத்தான் செய்யும். அப்ப இழுத்தா நிக்கணும்" என்று கம்பியைக் கழற்றித் திருப்பிப் போட்டார். அதற்குப் பிறகு இங்கே எந்த ராட்டினம் வந்தாலும் முதல் வேலை கம்பியைத் திருப்புவதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புது ராட்டினத்தில் வீட்டு ஆட்கள்தான் முதலில் ஏற வேண்டும். நம் வீட்டு உயிரை வைத்துப் பார்க்காமல் அடுத்த வீட்டு உயிரை ஏற்றக் கூடாது என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் பெரியதாகிவிடும்.

இவர்களுக்கு ஒரே மகள். குழந்தையாக இருந்தபோதே பாவாடைப் பையில் நட்டும் போல்ட்டும் போட்டுக்கொண்டு திரிந்ததால் அவளுக்கு நட்டு என்று பெயர் வந்துவிட்டது. பிள்ளைகள் பொம்மைக்குச் சோறு ஊட்டுகிற வயதில் அவள் கிரீஸ் டப்பாவில் கையை விட்டுக்கொண்டிருப்பாள். வளர்ந்த பிறகு பெரிய ராட்டினத்தின் கம்பி அவளுடையதாகிவிட்டது. அந்த வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம். ஆட்களைக் கண்டபடி ஏற்ற முடியாது, ஒரு பக்கம் கனம் கூடினால் சக்கரம் திணறும். ஒரு குண்டரை ஏற்றினால் எதிர்க் கூண்டுக்கு இன்னொரு குண்டரைத் தேட வேண்டும், அதையும் அவர் மனம் நோகாமல் செய்ய வேண்டும். "அண்ணா, உங்களுக்கு நல்ல இடமா வச்சிருக்கேன், கொஞ்சம் இருங்க" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே, கம்பியைப் பார்க்காமல், கையால் சக்கரத்தை நிறுத்துவாள். கூண்டு சரியாகப் படிக்கு நேரே வந்து நிற்கும்.

அவள் கணவரை நாங்கள் எல்லோரும் மாப்பிள்ளை என்போம். தோட்டக்காரர்கூட மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். மெக்கானிக்கல் படித்தவர், சாதுவான மனிதர். அவர் வாய் திறந்து ஏதாவது சொல்லி முடிப்பதற்குள் இந்த வீட்டில் மற்ற மூன்று பேரும் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். சிலந்தியைக் கண்டுபிடித்தது அவர்தான். வேறு ஊரில் ஒரு பார்க்கை மூடி சாமான்களை விற்றார்கள். எட்டுக் கால், ஒவ்வொரு கால் நுனியிலும் இருவர் உட்காரும் தொட்டி. நடுவில் உள்ள தூண் சுற்றும்போது கால்கள் ஒவ்வொன்றாக எழும்பி எழும்பித் தாழும். லாரிகளில் வந்து இறங்கியபோது வெறும் இரும்புக் குப்பையாகத்தான் இருந்தது. அப்பாவும் மகளும் துருவைச் சுரண்டி, பேரிங் மாற்றி, சிவப்பு அடித்துப் பூட்டியதும் எனக்கே ஏறிப் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. நான் எந்த ராட்டினத்திலும் ஏறியவள் இல்லை.

பாதுகாப்பு அதிகாரி வந்து ஒவ்வொரு பூட்டையும் தட்டிப் பார்த்துச் சரி என்றார். சிலந்தியின் கம்பி, இழுத்தால் வேகம் எடுக்கிற கம்பி. தள்ளினால்தான் நிற்கும். ராட்டினக்காரர் வழக்கம்போல ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார்.

"மாமா, இப்ப இருக்கிற மாதிரியே ஓகே பண்ணிட்டுப் போயிருக்காங்க. கை வச்சா மறுபடி முதல்லேர்ந்து வரணும். அதுக்குள்ள பள்ளிக்கூட லீவு விட்டுடும்" என்றார் மாப்பிள்ளை.

நட்டு ஏணிமேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "விடுங்கப்பா. நான்தானே நிக்கப் போறேன்? ரெண்டு நாள்ல பழகிடும்."

ராட்டினக்காரருக்கு அன்று முட்டி வலி. ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளோட்டம் ஒரு புழுக்கமான பிற்பகலில் நடந்தது. மழை வருகிற மாதிரி வந்து வராமல் நின்றிருந்தது. அக்காவும் ராட்டினக்காரரும் ஒரு தொட்டியில் உட்கார்ந்தார்கள். கனம் சமமாக இருக்க எதிர்த் தொட்டியில் மாப்பிள்ளையை உட்கார வைத்தாள் நட்டு. அக்கா தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"அம்மா, கெட்டியா பிடிச்சுக்கோ."

"நான் என்ன பச்சைக் குழந்தையா? நீ உன் வேலையைப் பாருடி."

நட்டு கம்பியை மெல்ல இழுத்தாள். சிலந்தி காலைத் தூக்கியது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். வேகம் கூடியதும் அக்காவின் தலைத்துணி அவிழ்ந்து முகத்தை மூடிக்கொண்டது. அதை எடுக்கக் கையைத் தூக்கினார், பிடி விட்டுப்போய்த் தொட்டியின் ஓரத்தில் மோதினார். "ஐயோ!" என்று ஒரு அலறல்.

நட்டு கம்பியை இழுத்தாள். சிலந்தி இன்னும் வேகமாகச் சுற்றியது.

"இழு! இழுடி!" என்று கத்தினார் ராட்டினக்காரர். கூண்டிலிருந்து நானும் "இழு நட்டு, இழு!" என்று கத்தினேன். கோப்பை ராட்டினத்து ஆள், தோட்டக்காரர், தரை கழுவுகிற அம்மா, ஒருத்தர் பாக்கியில்லை, எல்லோரும் "இழு, இழு" என்று தொண்டை கிழியக் கத்தினோம். அவள் காலைப் பலகையில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். எதிர்த் தொட்டியிலிருந்த மாப்பிள்ளை மட்டும் "தள்ளு! தள்ளு!" என்று கத்திக்கொண்டிருந்தார். தொட்டி தாழ்ந்து வரும்போது அந்தச் சத்தம் வரும், மேலே போகும்போது அவரோடு போய்விடும். நான் அதைக் காதில் வாங்கினேன். பாவம், பயத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். கடைசியில் ஷெட்டில் இருந்த கரண்ட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். சிலந்தி நின்ற பிறகும் நட்டு இழுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அக்காவுக்குக் காறை எலும்பு முறிந்தது. வலது கையை மடக்கிக் கழுத்தோடு கட்டிவிட்டார்கள். டாக்டர் அறைக் கதவில் 'தள்ளு' என்று எழுதியிருந்தது. நட்டு கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு அந்த எழுத்தைப் பார்த்தாள். அங்கேயே, அத்தனை நோயாளிகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பள்ளிக்கூடங்கள் லீவு விட்டதும் பார்க் திறந்தோம். சிலந்தியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். நட்டு பெரிய ராட்டினத்துக்குப் போனாள். ஆட்களை ஏற்றிப் பூட்டினாள், கம்பியில் கை வைத்தாள், அப்படியே நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான் என்னவோ ஏதோ என்று கூண்டைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

"சித்தி" என்றாள் மெதுவாக. "இதை இழுக்கணுமா, தள்ளணுமா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நடக்கத் தெரிந்தவளிடம் முதலில் எந்தக் காலை வைப்பாய் என்று கேட்டால் தடுமாறுவாளே, அந்த நிலை. இத்தனை வருஷமாகக் கையில் இருந்தது தலைக்கு ஏறிவிட்டது, தலைக்கு அதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. ராட்டினக்காரர் வந்தார். மகளை விலக்கிவிட்டு அவரே கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவளை என் கூண்டில் உட்கார வைத்தார்கள். சாமி, அந்த அவஸ்தையை நான் என்ன சொல்ல! குட்டி ரயில் கேட்டவருக்குப் படகு டிக்கெட்டைக் கொடுப்பாள். படகு கேட்டவரிடம் "நாலு பேரா? ரொம்பக் கனம், ரெண்டா பிரிஞ்சு போங்க" என்பாள். பெரிய ராட்டினம் நிற்கும்போதெல்லாம் அவள் வலது கை மடியில் கிடந்தபடியே ஒரு முறை மூடித் திறக்கும். தெருமுனை டீக்கடையில் "நட்டு கழண்டுடுச்சு" என்று ஒரு நகைச்சுவை உலவியது. அதைச் சொல்லிச் சிரித்த ஒருத்தன் என்னிடம் டிக்கெட் வாங்க வந்தான். நன்றாகக் காய்ச்சி அனுப்பினேன். ஆனால் எனக்கும் பயம்தான். இந்தப் பெண் இனி ஆட்கள் உட்கார்ந்திருக்கிற ஒரு ராட்டினத்தின் கம்பியைப் பிடிப்பாளா மாட்டாளா? பிடிக்காவிட்டால் இவள் என்ன ஆவாள்? கம்பி இல்லாத நட்டுவை எனக்கு நினைத்துப் பார்க்கவே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குப் போனேன். பார்க்கின் பின்சுவரை ஒட்டித்தான் அவர்கள் வீடு. வாசலுக்குப் போகும்போதே உள்ளேயிருந்து அக்காவின் குரல், "ஐயோ! ஐயோ!" என்று. செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.

சமையலறையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மேடைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு இரும்புப் பலகை. அதில் ஸ்பிரிங் வைத்த இரண்டு குழாய்கள், ஒன்றுக்குப் பச்சை அடித்திருந்தது, ஒன்றுக்குச் சிவப்பு. நட்டு ஒரு கையில் கரண்டியோடு, மறு கையால் சிவப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. உக்காரு. பச்சைன்னா இழுக்கணும், சிவப்புன்னா தள்ளணும். நான் நினைச்ச நேரத்துல கத்துவேன். இவ நிறுத்தணும். இவளே பத்தவச்சுக் கொண்டுவந்தா."

"அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

"முதல் நாள் ஓடி வந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணியோட வந்தார். இப்ப யாரும் வர்றதில்ல. நாளைக்கு நிஜமாவே செத்தாக்கூட வர மாட்டாங்க போல." அக்கா சிரித்தார், உடனே தோள் வலித்து முகம் சுளித்தார். "இத்தனை வருஷமா இந்த வீட்ல குரலை ஒசத்தாம இருந்துட்டேன். இப்பதான் வட்டியும் முதலுமா கத்தறேன்."

நான் அன்று முழுக்க அங்கே இருந்தேன். நட்டு முட்டை வேகவைக்கும்போது கத்தினார். துணி காயப்போடும்போது கத்தினார். சோறு வாயில் இருக்கும்போது கத்தி, அவளுக்குப் புரையேறியது. அவள் ஒருமுறைகூட முகம் கோணவில்லை. தடுமாறினால் நிமிர்ந்து நின்றாள், தப்பினால் மறுபடி என்றாள். பிடிவாதம் என்றால் அப்பன் வீட்டுச் சொத்து அது. பச்சைக் குழாய் அவளுக்குச் சீக்கிரமே திரும்பி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பேசிக்கொண்டு, கோபமாக இருந்து, எப்படியிருந்தாலும் இழுத்தாள். சிவப்புதான் மக்கர் செய்தது. கவனமாக இருக்கும்போது சரியாகத் தள்ளுவாள். அசந்த நேரத்தில் அக்கா கத்தினால் கை இழுத்துவிடும்.

"பத்து தடவைக்கு ஒரு தடவை தப்பாகுது சித்தி."

"ஒரு தடவைதானே. போகப் போகச் சரியாயிடும்."

"அந்த ஒரு தடவைதானே அன்னைக்கு" என்றாள். ஆக்சா பிளேடை எடுத்துவந்து, சிவப்புக் குழாயை அடியோடு அறுத்துப் போட்டாள்.

அன்று சாப்பாட்டுக்கு என்னையும் இருக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை ரொம்ப நாளாக எதையோ சொல்ல நினைத்திருந்தார் போலிருக்கிறது. தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"மாமா, கோவிச்சுக்கக் கூடாது. சிலந்திக்கு வெளியிலேர்ந்து ஒரு ஆளைப் போடலாம். நம்ம பார்க்குப் பழக்கமே இல்லாத ஆளா. அவருக்குத் தள்ளுறது சுலபமா வந்துடும்."

"ஆளும் வேணாம், மண்ணும் வேணாம்" என்றார் ராட்டினக்காரர். "அந்தச் சனியனை எடைக்குப் போடப் போறேன். என் பொண்டாட்டி எலும்பை உடைச்ச இரும்பு என் கண்ணு முன்னால நிக்கக் கூடாது."

"ரெண்டும் வேணாம்" என்றாள் நட்டு. "கம்பியைத் திருப்பணும். நான் நிக்கணும்."

"நீ பெரிய ராட்டினத்துல நில்லு, போதும். சிலந்தி வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அன்னைக்கு நடந்தது போதாதா உனக்கு?"

"அன்னைக்கு நான் இழுத்தேன். ஒத்துக்கறேன். நீங்க என்னப்பா சொன்னீங்க?"

ராட்டினக்காரர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். குடிக்கவில்லை. யாருமே அதுவரை அதை எடுத்துப் பேசியதில்லை. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் அதில் பங்கு உண்டு.

"இழுன்னு சொன்னேன்" என்றார். குவளையைக் கீழே வைத்தார். "உள்ள உக்காந்துகிட்டு, நானே, இழு இழுன்னு சொன்னேன்."

"நானும்தான் சொன்னேன்" என்றார் அக்கா. "வாயில துணி இருந்துச்சு. உங்களுக்குக் கேக்கல."

மாப்பிள்ளை தயங்கினார். "நான் தள்ளுன்னு..."

"நீங்க சொன்னது கேட்டுச்சு மாப்பிள்ளை. இந்த வீட்ல உங்க பேச்சை நாங்க என்னைக்குக் கேட்டிருக்கோம்?" என்றார் அக்கா.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு நட்டு. அந்த விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். ராட்டினக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வந்தன்னைக்கே திருப்பியிருக்கணும். முட்டி வலின்னு விட்டுட்டேன். பொண்ணு பழகிக்குவான்னு நினைச்சேன்."

"பழகிக்கறேன்னு நான்தானே சொன்னேன்? பழகல. எத்தனை வருஷம் ஆனாலும் பழகாது. எனக்கு மட்டுமில்ல, இங்க இருக்கிற யாருக்கும் பழகாது. வெளியாளைப் போட்டாலும், ஏதாவதுன்னா ஓடிவந்து கம்பியைப் பிடிக்கப் போறது நாமதான். இழுத்துத் தொலைப்போம்."

"அதிகாரிகிட்ட என்ன சொல்றது?" என்றார் மாப்பிள்ளை. "எதுக்குத் திருப்பறீங்கன்னு கேப்பார். நடந்ததைச் சொன்னா பார்க்கையே மூடச் சொல்லிட்டா?"

"மூடச் சொன்னா மூடுவோம்" என்றாள் நட்டு. "அதை மறைச்சு வச்சுக்கிட்டு இன்னொருத்தர் குழந்தையை நான் ஏத்த மாட்டேன்."

மாப்பிள்ளை நகர்த்தி வைத்த தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். "சரி. நாளைக்கு நானே போய்ச் சொல்றேன். என் பேச்சையாவது அவர் கேக்கறாரா பார்ப்போம்."

அதிகாரி கேட்டார். நன்றாகத் திட்டியும் அனுப்பினார், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா என்று. சிலந்தியை மறுபடி பார்த்துச் சொல்லும்வரை அதில் யாரும் ஏறக் கூடாது என்றார். பார்க்கை மூடச் சொல்லவில்லை. கம்பியைத் திருப்பும் வேலைக்கு மாப்பிள்ளை வரைபடம் போட்டார். ராட்டினக்காரர் முதல்முறையாக அதைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்த இணைப்பு இன்னும் கொஞ்சம் கனமா வேணும் மாப்பிள்ளை" என்றார். "போட்டுடலாம் மாமா" என்றார் அவர். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் மூன்று பேரும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். நட்டு பற்றவைத்தாள், ராட்டினக்காரர் பற்றவைத்த இடத்துக் கசடைத் தட்டினார், மாப்பிள்ளை அளந்தார். தார்ப்பாய் ஓரத்தில் நீலமாக வெளிச்சம் வந்து வந்து போவதை என் கூண்டிலிருந்து பார்ப்பேன். அதிகாரி வந்து, இழுத்துப் பார்த்து, தள்ளிப் பார்த்து, எது எது என்று கம்பிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி, சரி என்றார்.

அதற்குள் நட்டு பெரிய ராட்டினத்துக்குத் திரும்பிவிட்டாள். அங்கே கை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் சிலந்திப் பக்கம் போனால் கையை உடுப்பில் துடைத்துத் துடைத்துக்கொள்வாள். சமையலறையில் அம்மா கத்துவது வேறு, நிஜமாக ஒருவர் கத்துவது வேறு என்று எனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா?

இரண்டாவது வெள்ளோட்டத்துக்கு அக்காவை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராட்டினக்காரரும் மாப்பிள்ளையும் ஏறினார்கள்.

"எதிர்த் தொட்டி காலியா இருக்கே. கனம் சரியா வராதே" என்றாள் நட்டு.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ போ."

"நானா? வீட்டு ஆள்தானே ஏறணும்?"

"பின்னே நீ யாரு?"

கூண்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்தேன். அந்த ஒரு கேள்விக்காகவே போய் உட்கார்ந்தேன். சிலந்தி கிளம்பியதும் கண்ணை மூடினேன். கத்தினால் அவள் பதறுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போய்வந்தோம். இறங்கியதும் முகம் பச்சையாக இருந்ததாம். ஆனால் சத்தமே வராத வெள்ளோட்டம் என்ன வெள்ளோட்டம்? அது நட்டுவுக்கும் தெரிந்திருந்தது. நன்றாக ஓடியது என்று எல்லோரும் சொன்னபோது அவள் மறுபடி கையைத் துடைத்துக்கொண்டாள்.

லீவு முடிகிற வாரத்தில் சிலந்தியைத் திறந்தோம். வரிசை என் கூண்டையும் தாண்டிப் போனது. ஒரு மீசைக்காரர் குடும்பத்தோடு வந்தார். கை நீட்டும்போதே "இதெல்லாம் ஒரு பயமா? சும்மா ஊஞ்சல் மாதிரி" என்று பின்னால் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நட்டு அவரை இன்னொரு பெரிய உடம்புக்காரருக்கு எதிரே உட்கார வைத்தாள். எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்த்தாள். கம்பியைத் தள்ளினாள். கால்கள் எழும்பின, பாட்டுச் சத்தம், சிரிப்புச் சத்தம், பிள்ளைகள் கீச்சிடுகிற சத்தம். நான் ஒரு கையில் டிக்கெட்டோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் கோப்பை ராட்டினத்து ஆள் வந்து நின்று என்னவோ கேட்டான், அவனிடம் பதில் சொல்லத் திரும்பினாள்.

"ஐயோ! போச்சு! ஐயோ!"

ஆண் குரல். நான் எழுந்துவிட்டேன். வாய் வரை வந்த வார்த்தையைக் கையால் பொத்திக்கொண்டேன். கத்தி முடிப்பதற்குள் சிலந்தி தணிந்துகொண்டிருந்தது. நட்டு இன்னும் கோப்பை ராட்டினத்து ஆள் பக்கம்தான் திரும்பியிருந்தாள். அவள் கை மட்டும் கம்பியை இழுத்து நெஞ்சருகே வைத்திருந்தது. பிறகுதான் தலை திரும்பியது. ராட்டினக்காரர் பெரிய ராட்டினத்திலிருந்து முட்டி வலியையும் மறந்து ஓடி வந்தார். மாப்பிள்ளை ஓடி வந்தார்.

மீசைக்காரர் தொட்டியில் எழுந்திருக்க முயன்றார். "செருப்பு! என் புதுச் செருப்பு விழுந்துடுச்சுங்க!"

ராட்டினக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். பிறகு மற்ற தொட்டிகளிலிருந்து சண்டை ஆரம்பித்தது. "செருப்புக்கா நிறுத்தினீங்க?" "இப்பதானே சுத்த ஆரம்பிச்சுது!" "டிக்கெட் எடுத்துட்டு உக்காந்திருக்கோம் இல்ல?" வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பார்க் முழுக்க ஒரே இரைச்சல்.

அக்கா சமையலறையிலிருந்து, கட்டு அவிழ்த்த கையை இன்னும் மடக்கியபடியே, வேலியோரம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "என்னடி? யாருக்கு என்னாச்சு?"

நட்டு மேடையிலிருந்து குனிந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் கன்னம் முழுக்க ஈரம், வாய் முழுக்கச் சிரிப்பு.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா" என்றாள். "ஒண்ணுமே ஆகல."

மீசைக்காரரின் செருப்பைத் தேடி எடுத்து அவளே அவர் காலில் மாட்டிவிட்டாள். எல்லாப் பூட்டையும் மறுபடி இழுத்துப் பார்த்தாள். கத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். "இந்தச் சுத்து கணக்குல வராது. முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன். கெட்டியா பிடிச்சுக்கோங்க."